கோல் போட்டால் நம்ம பையன்

2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. புதுச்சேரி குருசுக்குப்பத்தில் எங்கள் மாமா வீட்டு மொட்டைமாடி. ஒரு வெள்ளை வேட்டியைச் சுவரில் ஆணியடித்து, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரை ஸ்டூல் மேல் வைத்து, முப்பது பேர் போல உட்கார்ந்திருந்தோம். கடல் காற்றில் வேட்டி அசையும்போதெல்லாம் மைதானமே ஒருமுறை மடிந்து நிமிரும். பிரான்சுக்கும் அர்ஜென்டினாவுக்கும் உலகக்கோப்பை இறுதிப்போட்டி.

எண்பதாவது நிமிஷம் வரைக்கும் பிரான்ஸ் செத்துக் கிடந்தது. அப்புறம் எம்பாப்பே ஒரு பெனால்டி போட்டார். 97 விநாடி கழித்துப் பந்து தரையில் விழுவதற்குள் வாங்கி இன்னொன்று. மாமா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எழுபத்து நாலு வயசு, முட்டிவலி, மாடி ஏறவே இரண்டு பேர் கைத்தாங்கல் கொடுத்திருந்தோம். "நம்ம பையன்டா! நம்ம பையன்!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

ஆட்டம் 3-3 என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. பிரான்சின் கிங்ஸ்லி கோமான் அடித்ததை அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்டினெஸ் தடுத்தார். சுவமெனி வெளியே அடித்தார். மாடியில் சத்தமே இல்லை. அந்த அமைதியில் மாமா சொன்னார்:

"கறுப்பனுங்கள நம்பிக் குடுத்தா இப்படித்தான்."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு மூன்று பேர் "ஆமா" என்று முனகினார்கள். அத்தை டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மாமா, கோமானை விடக் கறுப்பு. நானும்தான். அந்த மாடியில் இருந்த பெரும்பாலானவர்கள் அப்படித்தான். "நம்ம பையன்" என்ற சொல்லுக்கும் "கறுப்பனுங்க" என்ற சொல்லுக்கும் நடுவில் ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை போனைத் திறந்தால், கோமான், சுவமெனி இருவரின் பக்கங்களிலும் குரங்குப் படமும் வாழைப்பழப் படமுமாகக் கொட்டியிருந்தார்கள் என்று செய்தி. கோமானுடைய அப்போதைய கிளப்பான பாயர்ன் மியூனிக் கண்டித்து அறிக்கை விட்டது. அதைப் படித்தபோது எனக்கு பாரிஸ் ஞாபகம் வரவில்லை. எங்கள் மாடிதான் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். மாமா மேல் எனக்குள்ள பாசம்தான் காரணம். எனக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. புதுச்சேரியில் பிரான்சை ஆதரிப்பது பேஷனுக்காக அல்ல. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962இல்தான் சட்டப்படி முழுசாக மாறியது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று தேர்ந்தெடுக்க வாய்ப்பு தரப்பட்டது. மாமாவின் அப்பா எடுத்துக்கொண்டார். மாமா பத்தொன்பது வயசில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, பதினைந்து வருஷம் முடித்து, பென்ஷனோடு ஊர் திரும்பினார். இப்படித் திரும்பியவர்களை இங்கே சொல்தா என்போம். எங்கள் தெருவில் மட்டும் ஒரு காலத்தில் நாலு சொல்தா வீடுகள். ஜூலை 14 வந்தால் மெடல் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் இருக்கிற போர் நினைவுச்சின்னத்துக்குப் போவார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தும், பிரெஞ்சுக்காரன் என்றால் வெள்ளையாக இருப்பான் என்றுதான் சின்ன வயசில் நினைத்திருந்தேன். மாமா பிரெஞ்சுக்காரர் என்று பாஸ்போர்ட்டில் இருந்தது, என் கணக்கில் இல்லை. இந்த ஊரின் வரைபடமே அப்படித்தானே கற்றுக்கொடுக்கிறது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் பக்கம் வெள்ளையர் நகரம். மேற்கே கறுப்பர் நகரம். இன்றைக்கும் 'ஒயிட் டவுன்' என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் நேராகக் கொண்டுபோய் இறக்கிவிடுவார். மறுபாதியின் பெயரை யாரும் சொல்வதில்லை. 1873இல் பொன்னுத்தம்பி என்கிற தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்ததற்காக நீதிபதி அவரைத் தடுத்தார். வழக்கு பாரிஸ் வரைக்கும் போய், அவர் ஜெயித்தார். காலில் என்ன போடலாம் என்பதற்கே கடல் தாண்டி நியாயம் கேட்க வேண்டியிருந்த ஊர் இது.

1998இல் அந்தக் கணக்கு உடைந்தது. உடைத்தவர் பிரெஞ்சு அணியின் தடுப்பாட்டக்காரர் லிலியான் துராம்.

ஜூலை 8, குரோஷியாவோடு உலகக்கோப்பை அரையிறுதி. நமக்கு நள்ளிரவு தாண்டி. மாமா வீட்டு ஹாலில் பெரிய பெட்டி மாதிரி ஒரு டிவி, பக்கத்தில் கேபிள்காரர் மாட்டிவிட்ட கறுப்பு ஒயர் தொங்கும். இரண்டாம் பாதி தொடங்கிய உடனே குரோஷியாவின் ஷூகர் கோல் போட்டார். ரீப்ளேயில் பார்த்தால் துராம் ஒரு அடி பின்தங்கி நின்றதால்தான் அது ஆஃப்சைடு ஆகாமல் போனது. மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, அதே துராம் முன்னால் ஓடிப்போய்ப் பந்தைப் பிடுங்கி கோலாக்கினார். அப்புறம் எழுபதாவது நிமிஷம் நெருங்கும்போது இடது காலால் இன்னொன்று. அடித்துவிட்டு முட்டி போட்டு, உதட்டில் விரல் வைத்து, என்ன நடந்தது என்று யோசிக்கிற மாதிரி உட்கார்ந்தாரே, அந்த முகம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. எங்கள் பெரிய மாமா முகம் அது. அதே நிறம், அதே தாடை. 142 ஆட்டம் ஆடிய துராம் பிரான்சுக்காகப் போட்ட கோல்கள் அந்த இரண்டு மட்டும்தான்.

அன்றைக்குத்தான் 'இவரும் பிரெஞ்சுக்காரர், அப்படியானால் மாமாவும் பிரெஞ்சுக்காரர்தான்' என்று எனக்கு உறைத்தது. துராம் பிறந்த குவாதலூப் தீவுக்கு நம் காரைக்கால், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஆட்களைக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேற்றினார்கள், 1854இலிருந்து. அது அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த முகம்தான்.

ஆகவே நிறத்தைப் பார்த்து ஒருவர் மேல் ஆசை வைப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. என் தாத்தாவுக்கு வெஸ்ட் இண்டீஸ் என்றால் உயிர். இந்தியாவோடு ஆடினாலும் விவியன் ரிச்சர்ட்ஸ் அடிக்க வேண்டும் என்பார். 1983இல் நிறவெறி தென்னாப்பிரிக்காவுக்குப் போய் ஆடப் பெரிய பணம் காட்டினார்கள், ரிச்சர்ட்ஸ் மறுத்தார். அதைத் தாத்தா ராமாயணக் கதை மாதிரி சொல்வார். 2006 உலகக்கோப்பையில் விகாஷ் தொராசு பிரான்சுக்காக இரண்டு ஆட்டத்தில் மாற்று ஆளாக இறங்கியபோது, எங்கள் தெருவே எழுந்து நின்றது. மொரீசியஸ் வழி வந்த குடும்பம், மூதாதையர் ஆந்திரப் பக்கம். அவர் ஆடியது மொத்தமே சில நிமிஷங்கள்தான். ஆனாலும் 'நம்ம ஜாடை' என்று அத்தனை பேருக்கும் பெருமை. இனம் என்கிற சொல்லே நமக்கு இனசனம் என்று உறவாகத்தான் முதலில் காதில் விழுகிறது. ஒருவனைத் தன் ஆளாக எண்ணிக் கும்பிடுவதில் ஒரு குறையும் இல்லை. ஆள் தடுக்கி விழும்போது அந்த உறவு என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி.

2006 இறுதிப்போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெர்லினில் இத்தாலியோடு. அதிலும் பெனால்டிதான். பிரான்ஸ் பக்கம் தவறவிட்டது ஒரே ஒருவர், தவீத் த்ரெஸகே. பந்து மேல் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு வெளியே விழுந்தது. அவர் அர்ஜென்டினாவில் வளர்ந்தவர், அப்பா அர்ஜென்டினாக்காரர். அன்றைக்கு மாமா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "பாவம், கம்பத்துல பட்டுடுச்சு." அவ்வளவுதான். வெள்ளைக்காரனை நம்பிக் கொடுத்தால் இப்படித்தான் என்று எங்கள் தெருவில் ஒருத்தரும் சொல்லவில்லை. அவர் தவறவிட்டது த்ரெஸகே தவறவிட்டதாகவே இருந்தது. பதினாறு வருஷம் கழித்து இரண்டு பேர் தவறவிட்டபோது அது ஒரு நிறத்தின் தவறாகிவிட்டது.

இதை ஆடுகிறவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். கோல் போட்டால் நான் பிரெஞ்சுக்காரன், போடாவிட்டால் அரபு என்ற பொருளில் பிரான்சின் பென்ஸெமா 2011இலேயே பேசினார். 2018இல் ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியபோது ஓசில், ஜெயித்தால் ஜெர்மன், தோற்றால் குடியேறி என்று எழுதிவிட்டு தேசிய அணியிலிருந்தே விலகினார். பெல்ஜியத்தின் லுகாகுவும் அதே வருஷம், நன்றாக ஆடினால் பெல்ஜியம் வீரர், ஆடாவிட்டால் காங்கோ வம்சாவளி பெல்ஜியம் வீரர் என்று தன்னைப் பத்திரிகைகள் எழுதுவதைச் சொன்னார். மூன்று நாடு, மூன்று ஆள். 2021இல் யூரோ என்கிற ஐரோப்பியக் கோப்பை இறுதியில் இங்கிலாந்துக்காகப் பெனால்டி தவறவிட்ட ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாக்கா மூவர் மேலும் இணையத்தில் இனவெறி வசை கொட்டியது உங்களுக்கே தெரியும். சாக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயசு. அதே போட்டித்தொடரில் சுவிட்சர்லாந்தோடு பெனால்டி தவறவிட்ட எம்பாப்பே, தன்னைக் குரங்கு என்றவர்களுக்காக இனி ஆடுவதா என்று நினைத்ததாகப் பின்னால் சொன்னார். பெனால்டி தவறியதல்ல, இனவெறிதான் தன்னைக் காயப்படுத்தியது என்று பிரெஞ்சு சம்மேளனத் தலைவருக்கே பதில் எழுதினார்.

தூரத்திலிருந்து இதையெல்லாம் சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விட முடியாது. மைக் பிடித்தவன் நான்.

பத்துப் பதினோரு வருஷத்துக்கு முன்னால், கடலூர்ப் பக்கம் பொங்கலை ஒட்டி ஒரு ஒன்பது பேர் பந்தாட்டப் போட்டி. எனக்குக் கொஞ்சம் குரல் வளம் உண்டு, அதனால் ஊர்ப் போட்டிகளில் வர்ணனைக்குக் கூப்பிடுவார்கள். இந்த மாதிரிப் போட்டிகளில் பணம் இருக்கிற அணி வெளி ஆளை இறக்கும். அந்த வருஷம் ஓர் அணி, சென்னையில் படித்துக்கொண்டிருந்த ஆப்பிரிக்க மாணவர் ஒருவரை ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி இறக்கியிருந்தது. ஒன்பதாம் நம்பர் சட்டை.

அவர் பந்தைத் தொட்டாலே கூட்டம் எழுந்துவிடும். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். காளை வருது பார். கருஞ்சிறுத்தை பாயுது பார். புல்டோசர். இடிச்சுத் தள்ளிக்கிட்டு வர்றான். கூட்டம் விசிலடித்தது, எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை. அவர் அணியில் நடுவில் ஆடிய உள்ளூர்ப் பையன் ஒருவனுக்கு மட்டும் நான் வேறு மாதிரி சொன்னேன்: "மூளையால ஆடுறான்யா, எங்க பாஸ் குடுக்கணும்னு கண்ண மூடிக்கிட்டே தெரியும் இவனுக்கு." உண்மையில் அந்த ஆட்டத்தில் தலையை நிமிர்த்தி இடம் பார்த்து, ஒரே தொடுதலில் பந்தை வெட்டிக்கொடுத்து ஆடியது ஒன்பதாம் நம்பர்தான். யாரையும் அவர் இடிக்கவே இல்லை. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்லவில்லை, நிறத்தைப் பார்த்து வாயில் வந்ததைச் சொன்னேன்.

2020இல் இதையே ஓர் ஆய்வில் படித்தேன். ஐரோப்பாவின் நாலு பெரிய லீக்குகளில் 80 ஆட்டங்களின் ஆங்கில வர்ணனையை எடுத்து வரி வரியாகப் பிரித்திருந்தார்கள். அறிவு, உழைப்பு என்று வரும் பாராட்டெல்லாம் பெரும்பாலும் வெளிர் நிற வீரர்களுக்கு. வேகம், வலு என்று வருவது கறுப்பு வீரர்களுக்கு. படித்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒலிபெருக்கிக் கூம்பு கட்டிய அந்தப் புளியமரம்தான் கண் முன்னால் நின்றது.

அரையிறுதியில் அவர் ஒரு எளிய கோலைத் தவறவிட்டார். கோல்கீப்பர் விழுந்து கிடக்கிறார், எதிரே வலை திறந்து கிடக்கிறது, பந்து கட்டாந்தரையில் எகிறிக் கணுக்காலில் பட்டு வெளியே போய்விட்டது. கிழக்கு மூலையிலிருந்து முதலில் ஒரு குரல் குரங்கு மாதிரி சத்தம் போட்டது. அப்புறம் நாலு குரல். அப்புறம் அந்தப் பக்கம் முழுக்க. சின்னப் பசங்களும் கக்கத்தைச் சொறிந்து காட்டினார்கள். அவர் இடுப்பில் கைவைத்துத் தரையைப் பார்த்தபடி நின்றார். அந்த மைதானத்தில் அத்தனை குரலையும் அமுக்கக்கூடிய ஒரே குரல் என் கையில் இருந்த மைக். நான் என்ன செய்தேன் தெரியுமா? நன்கொடையாளர் பட்டியலைப் படிக்க ஆரம்பித்தேன். முதல் பரிசு வழங்குபவர், இரண்டாம் பரிசு வழங்குபவர், பந்து உபயம், மோர் உபயம். சத்தம் அதுவாக ஓயும் வரைக்கும் படித்தேன்.

ஆட்டம் முடிந்து அவர் என் மேஜைக்கு வந்தார். கோபமாக வந்திருந்தால் தேவலை. தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, என் முன்னால் இருந்த அணிப் பட்டியலைத் தன் பக்கம் திருப்பி, ஒன்பதாம் நம்பருக்கு நேரே விரலை வைத்தார். "இது என் பெயர். மற்ற எட்டுப் பேர் பெயரையும் நீங்கள் சொன்னதைக் கேட்டேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவ்வளவுதான். வேர்வை சொட்டி அந்தத் தாளில் மை கலங்கியது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் பெயரை இங்கே எழுத அவரிடம் அனுமதி வாங்க வழியில்லை, அதனால் எழுதவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. நாலு எழுத்து, சொல்ல ஒரு கஷ்டமும் இல்லாத பெயர். அதற்குப் பிறகு நான் மைக் பிடிப்பதாக இருந்தால், ஆட்டத்துக்கு அரைமணி முன்னால் போய், வெளி ஆள் யாராக இருந்தாலும் அவரிடமே பெயரை உச்சரிக்கக் கேட்டுக்கொண்டுதான் உட்காருகிறேன்.

2024 மார்ச்சில் மலப்புரம் மாவட்டத்தில் செவன்ஸ் என்கிற ஏழு பேர் பந்தாட்டம் ஆட வந்த ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவரைக் கூட்டம் துரத்தி அடித்த காணொளி வந்தது. கேரளத்தில் செவன்ஸ் எவ்வளவு பெரிய காதல் என்பது நமக்குத் தெரியும். ஆப்பிரிக்க வீரர்கள் இல்லாமல் அங்கே சீசனே கிடையாது. காதலிக்கிற இடத்தில்தான் அதுவும் நடந்தது. கிரிக்கெட்டில் நம் கணக்கு இதைவிட நல்லதல்ல. 2007 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் முன்னால் வதோதராவிலும் மும்பையிலும் கூட்டம் குரங்குச் சத்தம் போட்டது. வெஸ்ட் இண்டீஸின் டேரன் சாமி, ஐபிஎல்லில் தன்னை ஒரு சொல் சொல்லிக் கூப்பிட்டதை அன்புப் பெயர் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்ததாகவும், அது நிறத்தைக் குறிக்கும் சொல் என்று 2020இல்தான் தெரிந்ததாகவும் சொன்னார். நம்ம ஊர் அபினவ் முகுந்த், பத்து வயசிலிருந்து வெயிலில் ஆடுகிறேன், நிறத்தைச் சொல்லிக் கேலி செய்வதை நிறுத்துங்கள் என்று 2017இல் எழுதினார். கறுப்பர்கள் நிறைந்த ஊரில் கறுப்பாக இருப்பதற்காக ஒரு டெஸ்ட் வீரர் அறிக்கை விட வேண்டியிருக்கிறது.

நிறம் இல்லாத இடத்தில் மதம், சாதி. 2021 அக்டோபரில் துபாயில் பாகிஸ்தானிடம் 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றபோது, பந்துவீசியவர்கள் எல்லாரையும் விட்டுவிட்டு முகமது ஷமியைத் துரோகி என்றார்கள். அடுத்த வருஷம் ஒரு கேட்ச் விட்டதற்கு அர்ஷ்தீப் சிங்கைக் காலிஸ்தானி என்றார்கள். இவற்றிலெல்லாம் என் மனசைப் போட்டு வதைப்பது வந்தனா கட்டாரியாவுக்கு நடந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல். ஒலிம்பிக் ஹாக்கியில் ஓர் இந்தியப் பெண் போட்ட முதல் ஹாட்ரிக். நாடே கொண்டாடியது. நாலைந்து நாள் கழித்து அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்ற அன்று, ஹரித்வார் பக்கத்தில் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லித் திட்டினார்கள். தலித்துகளைச் சேர்த்ததால்தான் தோற்றோம் என்று. ஹாட்ரிக் போட்டபோது அந்த வாசலில் எத்தனை பேர் நின்று அவர் பெயரைச் சொன்னார்கள்?

இப்படித்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். சச்சின் முதுகுவலியோடு 136 அடித்தும் 12 ரன்னில் இந்தியா பாகிஸ்தானிடம் தோற்றது. கூட்டம் எழுந்து நின்று கைதட்ட, வாசிம் அக்ரம் அணி மைதானத்தைச் சுற்றி ஓடியது. நான் அங்கே இல்லை, டிவியில் பார்த்தேன். தோற்ற வலியோடு எழுந்து நின்ற கூட்டம் அது.

மாமா பையன், அதாவது என் மச்சான், பாரிஸுக்கு வெளியே சார்செல்லில் இருக்கிறான். 2018இல் பிரான்ஸ் கோப்பை வாங்கிய அன்று நம்ம ஊர் வாட்சப் குழுவில் ஒருவர் 'ஆப்பிரிக்கா ஜெயித்தது' என்று போட்டார். உலகம் முழுக்க அன்று ஓடிய பேச்சு அது. அமெரிக்காவில் நகைச்சுவையாளர் ட்ரெவர் நோவா அதையே டிவியில் சொல்ல, பிரெஞ்சுத் தூதர் அவருக்குக் கடிதம் எழுதினார்: 23 பேரில் இரண்டு பேர் தவிர எல்லாரும் பிரான்சில் பிறந்தவர்கள், அவர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் அல்ல என்கிறீர்களா என்று. ஏன், இரண்டாகவும் இருக்கக்கூடாதா என்று நோவா திருப்பிக் கேட்டார். நான் மச்சானிடம் யார் சொல்வது சரி என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இங்க ஒருத்தன் எங்கிட்ட நீ எந்த நாடுன்னு கேப்பான். பிரான்ஸ்ன்னுவேன். இல்ல, நெசமா எந்த நாடும்பான். சார்செல்ன்னுவேன். விடமாட்டான். புதுச்சேரில வந்து எறங்குனா எல்லாரும் பிரான்ஸ்காரன் வந்துட்டான்றீங்க. ஒருத்தனாவது ரெண்டும்தாண்டா நீன்னு சொன்னா நல்லா இருக்கும் மச்சான்."

நோவா பக்கம்தான் நியாயம் அதிகம் என்று எனக்கு அன்றிலிருந்து தோன்றுகிறது. ஆனால் 'ஆப்பிரிக்கா ஜெயித்தது' என்பதைப் பாசமாகச் சொல்கிறவர் வேறு, நீ இந்த நாட்டுக்காரனே இல்லை என்பதற்காகச் சொல்கிறவர் வேறு. 1996லேயே பிரான்சின் தீவிர வலதுசாரித் தலைவர் ழான்-மரி லெ பென், வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவந்து பிரெஞ்சு அணி என்று பெயர் வைப்பது செயற்கை என்று பேசினார். 2024 ஜூலையில் தென்னமெரிக்காவின் கோபா கோப்பை ஜெயித்த அர்ஜென்டினா வீரர்கள் பஸ்ஸில் பாடினார்களே, பிரான்சுக்கு ஆடுகிறார்கள், ஆனால் எல்லாரும் அங்கோலாக்காரர்கள் என்று, அதுவும் இந்த இரண்டாவது வகைதான். என் மகன் மெஸ்ஸி வெறியன். "உண்மையத்தானப்பா பாடுறாங்க?" என்றான். அவர்களில் ஒருவர்கூட அங்கோலாவுக்கு ஆடுகிறவர் இல்லை, உன் தாத்தா பாஸ்போர்ட்டைப் பார்த்து யாராவது இப்படிப் பாடினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். பஸ்ஸில் பாடியவர்களில் ஒருவரான என்ஸோ ஃபெர்னான்டெஸ் மன்னிப்புக் கேட்ட செய்தியை மறுநாள் அவனே எனக்குக் காட்டினான்.

மாமாவிடம் நான் பேசியது இதற்கெல்லாம் முன்னால், 2023 மழைக்காலத்தில். கரண்ட் இல்லை, திண்ணையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அந்த ராத்திரி மாடியில் சொன்னது ஞாபகம் இருக்கா மாமா என்றேன். ஞாபகம் இல்லை என்றார். த்ரெஸகேவுக்கு என்ன சொன்னீங்க என்று ஞாபகப்படுத்தினேன். வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், மூடினார். ரொம்ப நேரம் கழித்துத்தான் வாயைத் திறந்தார்.

"பட்டாளத்துல மொத ரெண்டு வருஷம் எவனும் என் பேரச் சொன்னதில்லடா. கரின்னு பிரெஞ்சுல கூப்புடுவானுங்க. நானும் அந்தச் சத்தத்துக்கே திரும்பிப் பழகிட்டேன். துப்பாக்கி சுடுற போட்டில நான் மொதல்ல வந்தன்னைக்கு மட்டும் கொர்ப்பொரால் எம் முழுப் பேரையும் படிச்சான்."

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தச் சொல்லை வாங்கி இருபது வயசிலிருந்து வயிற்றுக்குள் வைத்திருந்தவர், கோமான் தவறவிட்டபோது அதையேதான் எடுத்து வீசியிருக்கிறார்.

2024 யூரோ. அந்த ஜூன் மாதம் பிரான்சில் திடீர்த் தேர்தல். துராமின் மகன் மார்க்கஸ் துராம் அணியின் முகாமில் உட்கார்ந்துகொண்டே, லெ பென்னின் மகள் மரீன் நடத்தும் கட்சி ஜெயிக்காமல் இருக்கப் போராட வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். எம்பாப்பேயும் பேசினார். பந்தாட்டக்காரனுக்கு எதற்கு அரசியல் என்று நம் தெருவிலும் கேட்டார்கள். இங்கே இருக்கிற பிரெஞ்சுக் குடிமக்களுக்கும் அந்தத் தேர்தலில் ஓட்டு உண்டு. மாமா முதல் சுற்றில் போட்டுவிட்டு வந்திருந்தார், இரண்டாம் சுற்று ஜூலை 7.

இரண்டுக்கும் நடுவில் போர்ச்சுகலோடு கால் இறுதி. வெள்ளிக்கிழமை ராத்திரி தாண்டி, பன்னிரண்டரைக்கு. இந்த முறை மாடி இல்லை, ஹாலில் மாமா, நான், என் மகன் மூன்று பேர்தான். கோலே விழாமல் மறுபடியும் பெனால்டி. எம்பாப்பே வெளியே போயிருந்தார். மாமா நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். மகன் ஒவ்வொருவராக அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். டெம்பெலே, உள்ளே. ஃபொஃபானா, உள்ளே. கூந்தே, உள்ளே. போர்ச்சுகலின் ஜொவாவ் ஃபெலிக்ஸ் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

"பாவம், கம்பத்துல பட்டுடுச்சு," என்றார் மாமா.

பார்கோலா, உள்ளே. கடைசியாக எர்னான்டெஸ். அதுவும் உள்ளே. ஐந்து பேரில் யாரும் தவறவிடவில்லை. மகன் குதித்து ஆடிவிட்டு வந்து, "தாத்தா, நம்மாளு அடிச்சது கம்பத்துல பட்டிருந்தா?" என்றான்.

மாமா பதில் சொல்லவில்லை. திரையில் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்.

"அந்த மூணாவது பையன் பேரு என்னா சொன்ன?"

"கூந்தே, தாத்தா."

"கூந்தே," என்றார். சரியாக வந்ததா என்று பார்க்கிற மாதிரி இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தார்.